கொரோலா 110, இடது பக்கம் கியர் ஒயில் சொட்டு: கியர் பொக்ஸை இறக்கத்தான் வேணுமா?

உப்புவெளியிலிருந்து நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். கார் மனுவல் கியர் கொரோலா 110. முன்றலுக்குச் சீமெந்து போட்ட பிறகுதான், காலையில் இடது முன்சில்லுக்குச் சற்று உள்ளே நாலைந்து சொட்டு ஒயில் கிடப்பதைக் கண்டீர்கள். ஒரு கராஜில் காட்டியபோது கியர் பொக்ஸை இறக்கி முழுசாகச் செய்ய வேணும் என்று பெரிய தொகை சொன்னார்கள். கையில் ஸ்பானர் செட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இருக்கிறது. வீட்டில் செய்யலாமா, அல்லது லீக் நிறுத்தும் மருந்து ஒரு போத்தல் ஊற்றினால் போதுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன: பொக்ஸ் உண்மையில் இறங்க வேண்டியதுதானா, செய்யும் வரைக்கும் ஓடலாமா.

முன்சில்லு இழுக்கும் டொயோட்டாக்களில்தான் என் கை அதிகம் பழகியது, அதை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் காட்டும் இடத்திலிருந்துதான் ஒழுகுகிறது என்றால் அது, சில்லைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் பொக்ஸுக்குள் நுழையும் வாயிலுள்ள ஒயில் சீல், அதாவது ஒயிலை உள்ளே தடுத்து வைக்கும் ரப்பர் வளையம். அந்தச் சீல் மாற்றக் கியர் பொக்ஸை இறக்கத் தேவையே இல்லை. ஷாஃப்டை இழுத்தால் சீல் கண்முன் நிற்கும். "என்றால்" என்று நான் போட்டதைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஈரம் தெரிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்பது தெரியவில்லை. அதை உறுதி செய்யாமல் ஒரு நட்டையும் தளர்த்த வேண்டாம்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் வளவுகளில் பாதி மணல், விழும் ஒயிலை அது குடித்துவிடும். இந்தக் கார் சீமெந்து போட்ட அன்றைக்குத்தான் ஒழுகத் தொடங்கியது என்று சொல்ல முடியாது, வருடக்கணக்காகச் சொட்டியிருக்கலாம். ஒரு மில்லிலீட்டர் ஒயிலில் 20 முதல் 30 சொட்டு இருக்கும். இரவுக்கு ஐந்து சொட்டு என்றால் மாதம் முழுக்கச் சேர்த்தாலும் பத்து மில்லிக்குள்தான். உங்கள் பொக்ஸ் கொள்வது ஏறக்குறைய 1.9 லீட்டர். ஆனால் நிற்கும்போது சொட்டுவது மட்டும் கணக்கல்ல. ஓடும்போது பல்சக்கரங்கள் ஒயிலை வாரி அடிக்கும், சூட்டில் ஒயில் நீர்த்திருக்கும், அப்போது போவது வீதியோடு போய்விடும், உங்களுக்குத் தெரியாது. அதனால் சொட்டை எண்ணிக்கொண்டிருக்காமல் மட்டத்தைப் பாருங்கள். கார் சமதரையில் நிற்க, பொக்ஸின் பக்கவாட்டிலுள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டால், துளையின் கீழ் விளிம்போடு அல்லது அதற்கு 5 மில்லிமீட்டருக்குள் ஒயில் தட்டுப்பட வேண்டும். தட்டினால் அடுத்த ஞாயிறு வரைக்கும் பயமின்றி ஓடலாம். தட்டாவிட்டால் ஊற்றி மட்டம் பிடித்த பிறகே ஹபரணைப் பக்கம் தூர ஓட்டத்துக்கு எடுங்கள். சீல் ஒழுகி எந்தப் பொக்ஸும் கெட்டதில்லை, ஒயில் இல்லாமல் ஓடித்தான் கெடும்.

அடுத்தது, விழுவது என்ன என்று பார்ப்பது. வெள்ளை மட்டையொன்றை விரித்து, சில்லு நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, இரவு முழுக்க விடுங்கள். கியர் ஒயில் தேன் நிறமாகத் தடித்து இருக்கும், மூக்கருகில் கொண்டுபோனால் கந்தக நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தை ஒருதரம் பிடித்தவர் மறக்கமாட்டார். எஞ்சின் ஒயில் கறுப்போ கபிலமோ, இந்த நாற்றம் வராது. சிவப்பாக இருந்தால் மனுவல் காரில் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஒயில். சில்லின் உட்பக்கமெங்கும் கறுப்பாகத் தடித்த கிறீஸ் வட்டமாக வாரி அடித்திருந்தால் ஷாஃப்டின் நுனியிலுள்ள மடங்கும் மூட்டான சி.வி. ஜொயின்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறது, அது வேறு வேலை. மெல்லிய, நிறமில்லாத அல்லது வெளிர்மஞ்சளான திரவம் சில்லோடு சேர்ந்து வழிந்தால் பிறேக் ஒயிலாக இருக்கலாம். அப்படியென்றால் மிச்சத்தை வாசிக்க வேண்டாம், காரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கியர் ஒயில்தான் என்று தெரிந்தால் பொக்ஸின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, சவர்க்காரத் தண்ணீர் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு சந்தேகமான இடங்களில் முகப் பவுடர் தூவி, நிலாவெளி வரை போய் வந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஓடும் காற்று ஒயிலைப் பின்னுக்கு இழுக்கும், இரும்பின் வளைவுகளில் அது ஊர்ந்து கடைசியில் மிகத் தாழ்ந்த முனையில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடம் ஒழுகும் இடம் என்று எடுக்க வேண்டாம், பவுடர் நனைந்த இடங்களில் மிக மேலே உள்ளதைத் தேடுங்கள். ஷாஃப்ட் நுழையும் வாயைச் சுற்றி வளையமாக நனைந்திருந்தால் சீல். டிரெயின் பிளக்கைச் சுற்றி நனைந்திருந்தால் அதிர்ஷ்டம், ஒரு புது வாஷரோடு முடிந்தது. எஞ்சினும் பொக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து வழிந்தால் உள்ளே, எஞ்சினின் சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டின் சீல் போயிருக்கிறது; வழிவது எஞ்சின் ஒயில் என்றால் எஞ்சினின் பின்சீல். அதற்குத்தான் பொக்ஸ் இறங்க வேண்டும், அந்தக் கராஜ்காரர் சொன்னது சரியாகிவிடும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. இந்த வகைக் கார்களில் வலது ஷாஃப்ட் பொக்ஸுக்குள் நுழையும் வாய் பெல் ஹவுசிங்குக்குக் கிட்டவே இருப்பதால், வலது சீல் ஒழுகினாலும் பின்சீல் போனதுபோலவே தெரியும். அவர் பார்த்தது அதுவாகவும் இருக்கலாம், ஏமாற்றப் பார்த்தார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

சீல் வாங்கப் போவதற்கு முன் பிறீதரைப் பாருங்கள். பொக்ஸின் மேற்பக்கத்தில் சின்ன மூடியோடு ஒரு காற்றுத்துளை இருக்கும், பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பொக்ஸ் சூடாகும்போது உள்ளே காற்று விரிகிறது, அந்தத் துளை வழியாக அது வெளியேற வேண்டும். சேறும் ஒயிலும் சேர்ந்து துளையை அடைத்தால் அமுக்கம் சீலின் உதட்டை, அதாவது ஷாஃப்டைத் தழுவி நிற்கும் ரப்பர் விளிம்பை, தள்ளி ஒயிலை வெளியே விடும். அப்போது எத்தனை சீல் மாற்றினாலும் திரும்ப ஒழுகும். மூடியை விரலால் சுழற்றிப் பாருங்கள், இறுகி நின்றால் சுற்றிவரத் துடைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். அதிகம் ஊற்றினாலும் இதே கதைதான்: காரின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிவைத்து மட்டம் பார்த்து ஊற்றினால் அளவு பிழைக்கும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் தம்பலகாமம் பக்கமோ கிண்ணியாப் பக்கமோ தண்ணீருக்குள்ளால் ஓடிய கார் என்றால் இன்னொன்றும் உண்டு. சூடான பொக்ஸ் தண்ணீரில் திடீரென்று ஆறும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, பிறீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ஃபில்லர் துளையில் விட்ட விரல் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் ஒழுக்கைப் பிறகு பார்க்கலாம், அந்த ஒயிலை அன்றைக்கே மாற்றுங்கள்.

சீல் வாங்கும்போது சேஸி நம்பரைக் கொடுத்து, எந்தப் பக்கம் என்பதையும் சொல்லி வாங்குங்கள். இடமும் வலமும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். உதட்டின் பின்பக்கம் சரிவான மெல்லிய கோடுகள் இருந்தால், சுழலும் திசைக்கேற்ப ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பவே அவை இருக்கின்றன. பக்கம் மாற்றிப் பூட்டினால் அதே கோடு ஒயிலை வெளியே இறைக்கும். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று அளவுகள் அச்சிட்டிருக்கும், கழற்றியதோடு ஒத்துப்பாருங்கள். என்.ஓ.கே. போன்ற ஜப்பான் தயாரிப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் இதில் சாமானை விட வேலைதான் பெரிது. ஷாஃப்ட் நுனிக்குப் புது சேர்க்ளிப் (ஷாஃப்டைப் பொக்ஸுக்குள் பிடித்து வைக்கும் கம்பி வளையம்), இரண்டு பிளக்குக்கும் புது வாஷர், ஸ்பிலிட் பின் (நட் தானாகக் கழராமல் தடுக்கும் கம்பி), 75டபிள்யூ-90 கியர் ஒயில் இரண்டு லீட்டர், இவ்வளவும் போதும். ஒயிலின் தரம் கைநூலில் ஜீ.எல். 4 என்றோ 5 என்றோ போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒழுக்கு நிற்கட்டும் என்று 140 தடிப்பு ஒயில் ஊற்றும் பழக்கம் இங்கே இருக்கிறது, அதைச் செய்ய வேண்டாம். கியர் இறுகும், சீல் கிழிந்தது கிழிந்தபடியே இருக்கும்.

வேலைக்கு முந்தின இரவே நட்டுகளுக்குத் துருவிளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கடற்கரைக் காற்றில் நின்ற காரில் ஸ்பிலிட் பின் முழுசாக வெளியே வந்தால் ஆச்சரியம். காலையில் காரைச் சற்று ஓட்டி ஒயிலைச் சூடாக்குங்கள், கொதிக்க வேண்டாம். சீமெந்துத் தரையில் நிறுத்தி, பின்சில்லுகளுக்கு அணை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஜக் ஸ்டாண்டில் இருத்துங்கள். மணலில் ஜக் வைக்க வேண்டி வந்தால் அடியில் அகலமான தடித்த பலகை போடுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை இருத்திவிட்டுக் கீழே படுப்பவர்களை இன்னும் காண்கிறேன். அந்தக் கல் நசிந்து எச்சரிக்காது, சட்டென்று வெடிக்கும். ஜக் ஸ்டாண்ட் கிடைக்காவிட்டால் வேலையை ஒத்திவையுங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டுக்கும் 24 சைஸ். மேலே உள்ளது கழராமல் போய், கீழே ஒயிலை எல்லாம் வடித்துவிட்டால், கார் ஓடாமல் நிற்கும். வடிந்த ஒயிலையும் பிளக்கில் ஒட்டியிருப்பதையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் களி மாதிரித் தேய்ந்த இரும்பு இருந்தால் வயதுக்கு உரியதுதான். விரலில் குத்தும் சிம்பும் பல்லின் துண்டும் கிடந்தால் சீல் மாற்றுவது வீண்வேலை, அந்தக் கராஜ்காரரிடமே திரும்பிப் போங்கள்.

ஷாஃப்டை எடுக்க இரண்டு வழி. கைநூல் சொல்லும் வழி என்றால் சில்லின் நடுவிலுள்ள 30 சைஸ் பெரிய நட்டைக் கழற்றி முழு ஷாஃப்டையும் வெளியே எடுப்பது. அந்த நட்டைத் திரும்பப் பூட்ட 216 நியூட்டன் மீட்டர் விசை வேண்டும், வீட்டில் அதற்கான டோர்க் ரென்ச் இருப்பது அபூர்வம். அந்த நட் தளர்ந்திருக்கும்போது கார் பாரம் சில்லில் இறங்கினால் பேரிங் கெடும். சீல் மட்டும் மாற்றுவதற்கு நான் அதைத் தொடுவதில்லை. ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்கு வரும் தண்டின் நுனியான டை ரொட் எண்டைக் கழற்றி, சில்லைக் கீழிருந்து பிடிக்கும் லோவர் ஆமோடு போல் ஜொயின்டைப் பிடித்திருக்கும் ஒரு போல்டையும் இரண்டு நட்டையும் எடுத்தால், சில்லுப் பகுதி முழுவதும் வெளியே விலகும். பிறேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டு, ஷாஃப்டின் உள் ஜொயின்டுக்கும் பொக்ஸுக்கும் இடையே லீவரைக் கொடுத்துச் சட்டென்று நெம்புங்கள், சேர்க்ளிப் விட்டு வெளியே வரும். ஷாஃப்டின் தண்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜொயின்ட் பூட்டுக்குள்ளேயே கழன்றுவிடும், பிறகு கிறீஸோடு மல்லுக்கட்ட வேண்டும். வெளியே வந்த ஷாஃப்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

பழைய சீலை எடுக்க முன்பு அது பொக்ஸின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று இரண்டு மூன்று இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். பெரிய ஸ்குறூ டிரைவரால் நெம்பலாம், ஆனால் நுனி சீலில்தான் படவேண்டும். அலுமினியச் சுவரில் கீறல் விழுந்தால் புதுச் சீலின் வெளிப்பக்கத்தால் ஒயில் வரும். கழற்றியதை விரலால் அமத்திப் பாருங்கள். ரப்பர் காய்ந்து நகம் மாதிரி இறுகி, உதட்டில் கூர் மழுங்கிப் பட்டையாகத் தேய்ந்திருக்கும். உள்ளே சுருள் கம்பி இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது கழன்று பொக்ஸுக்குள் விழுந்திருந்தால் தேடி எடுக்க வேண்டும். புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் கிறீஸ் தடவி, உதடும் சுருளும் ஒயில் பக்கம் பார்க்க வைத்து, சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான சொக்கட்டையோ பைப் துண்டையோ வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாக, எழுதிவைத்த ஆழம் வரை தட்டுங்கள். சரிந்து போனால் திரும்ப எடுத்து அதையே தட்ட நினைக்க வேண்டாம், இன்னொன்று வாங்குங்கள்.

ஷாஃப்டின் பளபளப்பான பகுதியில், சீலின் உதடு ஓடும் இடத்தில், நகத்தை ஓடவிடுங்கள். கோடு தெரிந்தாலும் நகம் மாட்டவில்லை என்றால் பரவாயில்லை. மாட்டினால் புதுச் சீல் சில மாதம் தாங்கலாம், அதற்குமேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன். பூட்ட முன்பு உள் ஜொயின்ட் இருந்த இடத்தில் மேலும் கீழும் அதிக ஆட்டம் இருந்ததா என்று நினைவுபடுத்துங்கள். இரண்டு ஷாஃப்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷலின் பக்கப் பேரிங் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடிக்கொண்டே சுழலும், சீல் எத்தனை போட்டாலும் தின்னும். அது வீட்டில் செய்யும் வேலை அல்ல. எவ்வளவு ஆட்டம் அதிகம் என்பது கை பழகித்தான் தெரியும், எழுத்தில் சொல்லித் தெளிவாகாது. சந்தேகமென்றால் கழற்ற முன்பே ஒரு மெக்கானிக்கை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது சேர்க்ளிப்பின் வாய் கீழே பார்க்க இருத்தி, பற்களுக்குக் கியர் ஒயில் தடவி, பற்கள் சீலின் உதட்டில் உரசாதபடி நேராகத் தாங்கி உள்ளே விட்டு, கடைசியில் ஒரு தள்ளு. "டக்" என்று கேட்கும். உள் ஜொயின்டைக் கையால் இழுத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைய வேண்டும், வெளியே வரக்கூடாது. கழற்றியதை எல்லாம் இறுக்கி, ஸ்பிலிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பிளக் இரண்டுக்கும் 39 நியூட்டன் மீட்டர் போதும், பைப் போட்டு இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். ஒயில் ஊற்ற மேலே எஞ்சின் பக்கத்திலிருந்து நீளமான குழாயும் புனலும் சுலபம். காரைச் சமதரையில் இறக்கி, துளையில் வழியும் வரை ஊற்றி மூடுங்கள். சமதரை கிடைக்காவிட்டால் சர்விஸ் ஸ்டேஷன் ஹொய்ஸ்டில் ஏற்றி மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.

மருந்துப் போத்தலைப் பற்றி: அவை ரப்பரை ஊதவைக்கும். காய்ந்து இறுகிய சீல் என்றால் கொஞ்சக் காலம் சொட்டு குறையலாம், கிழிந்த உதட்டுக்கும் கோடு விழுந்த ஷாஃப்டுக்கும் ஒன்றும் செய்யாது. காரை விற்கப் போகிறவர் ஊற்றலாம், வைத்திருக்கப் போகிறவர் சீல் வாங்கலாம். அதே வேலைக்குப் பிறேக் ஒயில் ஊற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சுழலும் ஷாஃப்டைச் சுற்றி வெளியே சிலிக்கன் பூசுவதும் அதே ரகம்.

இதை வாசிக்கும் ஒட்டோ கியர்காரர்களுக்கு: சீல் மாற்றும் முறை ஏறக்குறைய இதுவே, ஆனால் ஒயிலும் மட்டம் பார்க்கும் விதமும் வேறு. கைநூலில் டீ-4 என்றோ டபிள்யூ.எஸ். என்றோ உள்ளதை அப்படியே வாங்குங்கள், கலக்க வேண்டாம். டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) வைத்திருப்பவர்கள் பின் டிஃபரென்ஷலின் முன்னாலுள்ள பினியன் சீலை வீட்டில் தொடாமல் விடுவது நல்லது. அந்த நட்டின் இறுக்கம்தான் உள்ளே பேரிங்கின் பிடியைத் தீர்மானிக்கிறது, கூட இறுக்கினால் பேரிங் சூடாகி ஊளையிடும். பின்சில்லுப் பக்கச் சீல் ஒழுகினால் காத்திருக்கவே வேண்டாம், ஒயில் பிறேக் ஷூவில் ஊறும்.

வடித்த பழைய ஒயிலை மணலில் ஊற்றாதீர்கள். கரையோர வளவுகளில் கிணற்றுத் தண்ணீர் எட்டும் ஆழத்தில்தான் இருக்கிறது. கானில் அடைத்துச் சர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். அடுத்த நாள் காலை மட்டையைத் திரும்ப விரித்துப் பாருங்கள். சட்டத்தில் தேங்கிய பழைய ஒயில் ஒன்றிரண்டு நாள் சொட்டலாம், அதற்காக உடனே கழற்ற வேண்டாம். ஒரு கிழமை கழித்தும் புதுச் சொட்டு விழுந்தால், பவுடர் போட்டு எடுத்த படத்தோடு இங்கேயே எழுதுங்கள், முக்கியமாகப் பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி எடுங்கள்.